ஸ்காண்டிநேவியாவில் தனியாக சைக்கிள் பயணம்: படுக்கும் இடத்திலிருந்து திட்டமிடுங்கள்

நார்வே, ஸ்வீடன், டென்மார்க் மூன்றும் ஒன்றுதான் என்று நினைத்துக் கிளம்புகிறவர்கள் முதல் வாரத்திலேயே மாட்டிக்கொள்கிறார்கள். பகலில் பிரச்சினை இருக்காது. சாலை நன்றாக இருக்கும், வண்டிக்காரர்கள் பெரும்பாலும் பொறுமையாக ஒதுங்கிப் போவார்கள். சிக்கல் மாலை ஏழு மணிக்குத்தான் ஆரம்பிக்கும்: இன்றிரவு எங்கே படுப்பது? அதனால் காலையில் வரைபடத்தைத் திறந்ததும் "இன்று எத்தனை கி.மீ." என்று பார்க்காதீர்கள். இரவு தங்க ஏற்ற இரண்டு மூன்று இடங்களை முதலில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கிப் பகலைக் கணக்குப் போடுங்கள். தனியாகப் போகிறவருக்கு இது இன்னும் முக்கியம். களைத்துப்போன நேரத்தில் "இங்கே வேண்டாம், இன்னும் கொஞ்சம் போகலாம்" என்று சொல்லப் பக்கத்தில் ஆள் கிடையாது.

மூன்று நாடு, மூன்று விதி

நார்வேயில் 1957-ஆம் ஆண்டின் வெளிப்புறப் பொழுதுபோக்குச் சட்டம், பிறர் நிலத்திலும் நடக்கவும் கூடாரம் போட்டுத் தங்கவும் எல்லோருக்கும் உரிமை தருகிறது. 'அலெமான்ஸ்ரெட்டன்' என்பார்கள். சட்டம் நிலத்தை இரண்டாகப் பிரிக்கிறது. பயிர் நிலம், புல்வெளி, வீட்டு முற்றம் போன்றவை 'இன்மார்க்'. அங்கே அனுமதியில்லாமல் கூடாரம் போடக்கூடாது. காடு, மலை, கரம்பு எல்லாம் 'உட்மார்க்', அங்கே போடலாம். ஆள் குடியிருக்கும் வீட்டிலிருந்தோ கேபினிலிருந்தோ குறைந்தது 150 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு இரவு வரைதான்; அதற்கு மேல் என்றால் நிலத்துக்காரரிடம் கேட்க வேண்டும். உயர்ந்த மலைப்பகுதியிலும் ஊரை விட்டு வெகு தொலைவிலும் இந்த இரண்டு நாள் வரம்பு தளரும். 150 மீட்டரைக் கண்ணால் அளக்க முயன்றால் எப்போதும் தப்பாகத்தான் போகும். ஃபோன் வரைபடத்தில் அளவுகோலை வைத்துப் பாருங்கள். லோஃபோட்டன் தீவுகளில் கூட்டம் அதிகமாகிவிட்டதால் சில கடற்கரைகளிலும் பார்வை முனைகளிலும் உள்ளூர்த் தடை இருக்கிறது. அங்கே பலகை என்ன சொல்கிறதோ அதுதான் விதி.

ஸ்வீடனிலும் இதே உரிமை உண்டு, ஆனால் மீட்டர் கணக்கு இல்லை. "தொந்தரவு செய்யாதே, சேதம் செய்யாதே" என்பதுதான் அடிப்படை. வீட்டுக்காரர் தன் ஜன்னலிலிருந்து உங்களைப் பார்க்க முடிந்தால் நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு இடத்தில் ஒரு இரவு என்று பழகுவது நல்லது. இயற்கைக் காப்பகங்களுக்கும் தேசியப் பூங்காக்களுக்கும் தனித்தனி விதி உண்டு. நுழைவாயில் பலகையில் எழுதியிருக்கும். தெற்கே ஸ்கோனெ மாகாணம் முழுக்க வயல். உரிமை இருந்தும் படுக்க நிலம் கிடைக்காது. அந்தப் பகுதியில் 'விண்ட்ஷிட்' என்னும் மூன்று பக்கம் அடைத்த மரக் குடில்களை வரைபடத்தில் முன்கூட்டியே தேடிக் குறித்துக்கொள்ளுங்கள்.

டென்மார்க்கில் இப்படி ஒரு உரிமையே கிடையாது. பலர் தடுமாறுவது இங்கேதான். கடற்கரையில் கூடாரம் போடுவதும் தடை. அதற்குப் பதிலாக நாடு முழுக்க 'ஷெல்டர்' என்னும் மரக் குடில்களும் எளிய கூடாரத் திடல்களும் இருக்கின்றன. சில இலவசம், சிலவற்றுக்குச் சிறு கட்டணம், சிலவற்றை முன்பதிவு செய்ய வேண்டும். அரசாங்கத்தின் 'உத் இ நாட்டூரன்' தளத்தில் எல்லாம் வரைபடமாகக் கிடைக்கும். இதைத் தவிர, 'ஃப்ரி டெல்ட்னிங்' என்று அறிவிக்கப்பட்ட காடுகளில் ஒரே ஒரு இரவு தங்கலாம். வீடோ வண்டிச் சாலையோ தெரியாத இடமாக இருக்க வேண்டும், தீ மூட்டக்கூடாது.

தீ விஷயத்தில் விளையாட்டே கூடாது. நார்வேயில் ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் காட்டின் அருகிலும் திறந்த தீ மூட்டத் தடை. தீப்பிடிக்க வாய்ப்பே இல்லை என்று தெளிவாகத் தெரியும் இடத்துக்கு மட்டும் விலக்கு. ஸ்வீடனில் வறட்சி வந்தால் மாகாண நிர்வாகமோ நகராட்சியோ 'எல்ட்னிங்ஸ்ஃபெர்பூட்' என்னும் தீத்தடையை அறிவிக்கும். கடுமையான வறட்சியில் சமையல் அடுப்புக்குக்கூட விதி மாறலாம். வழவழப்பான கடற்கரைப் பாறை மேல் தீ மூட்டாதீர்கள். சூட்டில் பாறை வெடித்துப் பிளக்கும், அந்தத் தழும்பு ஆறவே ஆறாது.

எங்கே, எப்போது

ஜூன் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை பருவம். வடக்கே போகிறவர்களுக்கு ஆகஸ்ட் முதல் பாதியையே சிபாரிசு செய்வோம்: கொசு குறையத் தொடங்கியிருக்கும், வெளிச்சம் தாராளமாக இருக்கும். நார்வேயின் வடகோடியில் இருக்கும் நூர்காப்பில் மே நடுவிலிருந்து ஜூலை கடைசி வரை சூரியன் மறையாது. தூங்கக் கண்பட்டை இல்லாவிட்டால் நாலு நாளில் உடம்பு சோர்ந்துவிடும்.

முதல் தடவை என்றால் ஸ்வீடனின் மேற்குக் கரையில் ஹெல்சிங்போரியிலிருந்து கோத்தென்பர்க் வரை போகும் கட்டேகாட்லேடன் சைக்கிள் பாதை நல்ல தொடக்கம். சுமார் 390 கி.மீ., ஏற்றம் குறைவு, வழிப்பலகை தெளிவு. டென்மார்க்கின் ஹெல்சிங்கோரிலிருந்து 20 நிமிடப் படகில் ஹெல்சிங்போரிக்கு வந்துவிடலாம். இரண்டு நாட்டையும் இணைக்கும் ஓரசுண்ட் பாலத்தில் சைக்கிள் ஓட்ட முடியாது. வண்டியை ரயிலில் ஏற்றித்தான் கடக்க வேண்டும். டென்மார்க்குக்குள் இருக்கும் பெரிய பெல்ட் பாலத்துக்கும் அதே கதி.

அடுத்த படி நார்வேயின் 17-ஆம் எண் கரையோரச் சாலை. ஸ்டெய்ன்சேரிலிருந்து பூடோ வரை சுமார் 650 கி.மீ., நடுவே ஆறு படகுத்துறைகள். கோடையில் இந்தக் கரையில் தென்மேற்குக் காற்று அதிகம், ஆகவே தெற்கிலிருந்து வடக்கே ஓட்டுங்கள். பூடோவிலிருந்து மொஸ்கெனெஸுக்குப் படகு ஏறினால் லோஃபோட்டன். பல படகுகளில் நடந்து வருபவருக்கும் சைக்கிளுக்கும் கட்டணம் இல்லை. ஆனால் கால அட்டவணைதான் உங்கள் நாளைத் தீர்மானிக்கும். கடைசிப் படகைத் தவறவிட்டால் துறைக்குப் பக்கத்தில் 150 மீட்டர் விதிக்கு உட்பட்ட சமநிலம் கிடைப்பது அபூர்வம். அதனால் கடைசிப் படகை நம்பாமல் அதற்கு முந்தையதைக் கணக்கில் வையுங்கள்.

நார்வேயின் ஹௌகஸ்தெல்–ஃபின்சே–ஃப்ளோம் மலைப்பாதையான ராலர்வேகன் சுமார் 80 கி.மீ. உச்சி 1,343 மீட்டர். பனி உருகி முழுப் பாதையும் திறக்க ஜூலை நடுவாகிவிடும். சில ஆண்டுகளில் அதற்குப் பிறகும் சில இடங்களில் பனிமேல் தள்ளிக்கொண்டு நடக்க நேரும். மீர்தாலுக்குக் கீழே ஃப்ளோம் பள்ளத்தாக்கில் இறங்கும் கொண்டை ஊசி வளைவுகளில் உதிரி ஜல்லி. பாரம் ஏற்றிய வண்டியை அங்கே இறங்கித் தள்ளுவதுதான் புத்திசாலித்தனம்.

தூரக்கணக்கு: டென்மார்க்கிலும் தென் ஸ்வீடனிலும் நாளுக்கு 80 முதல் 100 கி.மீ., நார்வேயில் மலைகளுக்கு நடுவே கடல் உள்ளே நுழையும் ஃபியோர்டுப் பகுதியில் 50 முதல் 70. ஏழு நாளுக்கு ஒரு நாள் ஓய்வு. அந்த நாள் பெரும்பாலும் மழை நாளாக அமையும், அதை முன்கூட்டியே தேதி போட்டு வைக்காதீர்கள்.

சுரங்கம்

நார்வே வரைபடத்தில் வழி நேராகப் போகிறது என்றால் அங்கே ஒரு சுரங்கம் இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். பல சுரங்கங்களில் சைக்கிளுக்குத் தடை. 24.5 கி.மீ. நீளமுள்ள லார்டால் சுரங்கம் தடை. 17-ஆம் எண் சாலையில் 7.6 கி.மீ. ஸ்வார்ட்டிஸ் சுரங்கமும் தடை, அங்கே ஓர்னெஸ் பக்கம் படகில்தான் போக வேண்டும். ஃபோன் செயலிகள் தடையைச் சரியாகக் காட்டும் என்று நம்பாதீர்கள். முந்தின இரவே ஒவ்வொரு சுரங்கத்தையும் தனித்தனியாகச் சரிபாருங்கள். பெரும்பாலும் சுரங்கத்தைச் சுற்றிக்கொண்டு பழைய சாலை ஒன்று போகும். சில இடங்களில் கல் விழுந்து மூடியிருக்கும்.

அனுமதி உள்ள சுரங்கத்துக்குள் போகும் முறை இது. வாசலில் நின்று பின்விளக்கு இரண்டையும் போடுங்கள். ஒன்று கேரியரில், ஒன்று ஹெல்மெட்டில் இருந்தால் நல்லது. ஒளிர் மேற்சட்டையைப் போடுங்கள், குளிர்க்கண்ணாடியைக் கழற்றுங்கள். சில வாசல்களில் சைக்கிள் படம் போட்ட ஒரு பொத்தான் இருக்கும். அழுத்தினால் உள்ளே சைக்கிள் இருப்பதாக வண்டிகளுக்கு எச்சரிக்கை விளக்கு எரியும். உள்ளே ஒரு லாரி வந்தாலும் பத்து லாரி வருவது போல எதிரொலிக்கும், எந்தப் பக்கம் என்று காது சொல்லாது. பயந்து திரும்பிப் பார்த்தால் கைப்பிடி ஆடும், அதுதான் ஆபத்து. வண்டியில் பின்பார்வைக் கண்ணாடி பொருத்தியிருந்தால் அதில் பாருங்கள், இல்லாவிட்டால் நேர்கோட்டில் போங்கள்.

நூர்காப் சுரங்கம் கிட்டத்தட்ட 6.9 கி.மீ., கடல்மட்டத்துக்கு 212 மீட்டர் கீழே போகிறது. சைக்கிளுக்கு அனுமதி உண்டு. சுமார் 9 சதவீதச் சரிவில் குளிரக் குளிர இறங்கி, அடியிலிருந்து அதே சரிவில் வேர்க்க வேர்க்க ஏற வேண்டும். இறங்கும்போது ஜாக்கெட் வேண்டும். அடியில் ஒதுங்கிடம் வந்ததும் கழற்றிவிட்டு ஏறுங்கள். கழற்றாமல் ஏறினால் உள்ளே வேர்வையில் நனைந்து, வெளியே வரும்போது துருவக் காற்றில் மாட்டிக்கொள்வீர்கள்.

வண்டி

பாரத்தோடு ஏறக்கூடிய மிகச் சிறிய கியர் வேண்டும். முன்னால் 22 பல், பின்னால் 34 பல் என்றால் நிம்மதி. 26–36 சமாளிக்கும். சாலைப் பந்தய வண்டியின் 34–28 கியரோடு 20 கிலோ சாமானை வைத்துக்கொண்டு ஃபியோர்டு ஏறினால் முழங்கால் மூன்றாம் நாளே பேசும். டயர் 40 முதல் 50 மி.மீ. அகலம், பஞ்சர் தடுப்புப் பட்டை உள்ளது. சாப்பாடும் தண்ணீரும் தவிர்த்த சாமான் எடை 18 கிலோவுக்குள் இருக்கட்டும். அதில் மூன்றில் ஒரு பங்கை முன்சக்கரத்தின் தாழ்வான கேரியருக்கு மாற்றுங்கள். எல்லாப் பாரமும் பின்னால் என்றால் ஏற்றத்தில் முன்சக்கரம் தூக்கும், பின்சக்கர ஸ்போக்குக் கம்பி உடையும்.

அந்தக் கம்பியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தனிப் பயணியை ஊரில்லாத இடத்தில் நிறுத்துவது பஞ்சர் அல்ல, இதுதான். கியர் பல்சக்கரங்களுக்கு இடம்விட வேண்டியிருப்பதால் பின்சக்கரத்தின் வலப்பக்கக் கம்பிகள் செங்குத்தாக, அதிக இழுவையோடு நிற்கின்றன. உடைவது பெரும்பாலும் ஹப்பில் வளைந்து நுழையும் முழங்கையில். அந்த ஓட்டையோ கியர் பல்சக்கரத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. அதைக் கழற்றாமல் புதுக்கம்பி போட முடியாது. ஆகவே கிளம்பும் முன் மூன்று வேலை செய்யுங்கள். உங்கள் சக்கரத்தின் இரு பக்கக் கம்பி நீளத்தையும் கடைக்காரரிடம் கேட்டு, வலப்பக்கத்துக்கு நாலும் மற்றதற்கு இரண்டும், கம்பி நுனியை ரிம்மில் பிடிக்கும் நிப்பிளோடு வாங்கிச் சட்டக்குழாயில் டேப் போட்டு ஒட்டுங்கள். கியர் பல்சக்கரத்தின் பூட்டு வளையத்தைக் கழற்றும் சிறு கருவி ஒன்று வாங்குங்கள். உடைந்த கம்பிக்குப் பதிலாகக் கொக்கி போட்டு மாட்டும் கயிற்றுக் கம்பி ஒன்றும் இருந்தால் பல்சக்கரத்தைக் கழற்றாமலே நூறு இருநூறு கி.மீ. ஓட்டிவிடலாம்.

உடைந்ததும் ஓட்டுவதை நிறுத்துங்கள். ஒரு கம்பி போனால் பக்கத்துக் கம்பிகள் அதன் பாரத்தையும் தாங்கும்; அப்படியே ஓட்டினால் அடுத்ததும் போகும். புதுக்கம்பி போட்ட பிறகு வண்டியைக் கவிழ்த்து வைத்துச் சக்கரத்தைச் சுற்றுங்கள். ரிம் ப்ரேக் என்றால் ப்ரேக் கட்டையே அளவுகோல். டிஸ்க் ப்ரேக் என்றால் பின்சட்டத்தில் ஒரு ப்ளாஸ்டிக் கட்டுப்பட்டையை மாட்டி, அதன் நுனி ரிம்மைத் தொடுகிற மாதிரி வெட்டிவிடுங்கள். ரிம் எந்த இடத்தில் நுனியில் உரசுகிறதோ அங்கே கோட்டம். அந்தப் பக்கக் கம்பியைத் தளர்த்தி எதிர்ப்பக்கக் கம்பியை இறுக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் கால் சுற்று மட்டும். அவசரப்பட்டு ஒரு முழுச் சுற்று திருகினால் கோட்டம் வேறிடத்துக்கு ஓடும்.

மற்றவை: செயின் இணைப்புத் துண்டு இரண்டு, ட்யூப் இரண்டு, ஒட்டுப்போடும் சாமான், டயர் பக்கச்சுவர் கிழிந்தால் உள்ளே வைக்க பழைய டயர்த் துண்டு, கியர் தொங்கு கொக்கி ஒன்று, கியர் கேபிள், ப்ரேக் கட்டை இரண்டு ஜோடி. மழையில் ஜல்லிச் சேற்றோடு நீண்ட இறக்கத்தில் ப்ரேக் கட்டை நீங்கள் நினைப்பதைவிடச் சீக்கிரம் தேயும். கேரியரின் 5 மி.மீ. போல்ட்டுகள் ஜல்லிச் சாலையில் தானாகக் கழன்று விழும். பூட்டுப் பசை போட்டு இறுக்குங்கள், வாரம் ஒரு முறை ஆலன் கீயால் தொட்டுப் பாருங்கள், மாற்றுப் போல்ட் நாலு வைத்துக்கொள்ளுங்கள். ஆடுமாடு தாண்டாமல் சாலையில் பதித்திருக்கும் இரும்புக் கம்பிச் சட்டங்களை ஈரத்தில் கடக்கும்போது ப்ரேக் பிடிக்காமல், திருப்பாமல், செங்குத்தாகப் போங்கள்.

கூடாரமும் இரவும்

மாலை ஆறு மணிக்கே தண்ணீர் நிரப்பிவிடுங்கள். தங்கும் இடத்தில் தண்ணீர் இருக்கும் என்று நம்பி போனால் சதுப்பு நீர்தான் இருக்கும். தேவாலயத்தை ஒட்டிய கல்லறைத் தோட்டங்களில் செடிக்கு ஊற்ற வைத்திருக்கும் குழாய் சைக்கிள்காரர்களின் பழைய நண்பன். அமைதியாகப் போய் நிரப்பிக்கொண்டு வாருங்கள். குடிக்க உதவாது என்று பலகை இருந்தால் விட்டுவிடுங்கள். மடக்கும் 4 லிட்டர் பை ஒன்று போதும். மலை ஓடையில் குடிக்கலாம், மேலே ஆடு மேய்கிறதா என்று பார்த்துவிட்டு.

இடம் தேடும்போது சாலையை விட்டு விலகும் காட்டு லாரித் தடங்களைப் பாருங்கள். வாயிலில் தடுப்புக்கட்டை இருக்கும், வண்டி வராது, சமநிலமும் இருக்கும். பள்ளத்தில் போடாதீர்கள், குளிர்காற்று கீழே வந்து தேங்கும், பனித்துளியில் கூடாரம் உள்ளேயும் நனையும். பச்சைப் பசேல் என்ற மெத்தை மாதிரித் தெரியும் பாசி பெரும்பாலும் சதுப்பு. குதிகாலால் மிதித்து ஐந்து விநாடி நில்லுங்கள், தண்ணீர் கசிந்தால் நகருங்கள். லோஃபோட்டனிலும் கரையோரத்திலும் மண் ஒரு சாண்கூட இருக்காது, முளை இறங்காது. தானாக நிற்கும் வகைக் கூடாரமும், கல்லில் கட்ட 2 மீட்டர்க் கயிறு ஆறும் அங்கே கைகொடுக்கும்.

ஸ்லீப்பிங் பேக்கின் 'கம்ஃபர்ட்' அளவு 0 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். 'லிமிட்' என்று போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து வாங்கி நடுங்கியவர்கள் நிறைய. ஓட்டும் உடை வேறு, உறங்கும் உடை வேறு. உறங்கும் உடையைத் தண்ணீர் புகாத பையில் தனியாகக் கட்டி, என்ன ஆனாலும் அதைப் போட்டுக்கொண்டு சைக்கிள் ஏறாதீர்கள். காலையில் ஈர உடையை மறுபடி மாட்டுவது கொடுமைதான், ஐந்து நிமிடத்தில் சூடாகிவிடும். பெர்கனில் ஆண்டுக்கு 2,000 மி.மீ.க்கு மேல் மழை. இந்த ஒரு பழக்கம் இல்லாமல் மேற்கு நார்வேயைக் கடக்க முடியாது.

கொசுவுக்கு லேசான காற்றே மருந்து. ஏரிக்கரையில் உள்வாங்கிய இடத்தைவிடத் துருத்திக்கொண்டிருக்கும் முனை நல்லது. 'க்னொட்' என்னும் பொடி ஈ சாதாரண வலைக்குள் நுழைந்துவிடும், நெருக்கமான தலைவலை வாங்குங்கள். டீட் கலந்த பூச்சித் தைலம் ப்ளாஸ்டிக்கையும் சில செயற்கை இழைகளையும் உருக்கும், கையில் பூசியபின் கூடாரத்தையோ ஃபோனையோ தொடாதீர்கள். தென் ஸ்வீடன், டென்மார்க், நார்வேயின் தென்கரை ஆகிய இடங்களில் உண்ணி உண்டு. இரவு படுக்கும் முன் முழங்கால் மடிப்பு, தொடை இடுக்கு, அக்குள் மூன்றையும் தடவிப் பாருங்கள். கடித்திருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். பிறகு சில நாளிலோ வாரத்திலோ சிவப்பு வளையம் பரவினால் மருத்துவரிடம் போக வேண்டும். உண்ணி மூளைக்காய்ச்சலுக்குத் தடுப்பூசி இருக்கிறது. முதல் இரண்டு ஊசிக்கு நடுவே வழக்கமாக ஒன்றிலிருந்து மூன்று மாதம் விட வேண்டும், ஆகவே குளிர்காலத்திலேயே தொடங்குங்கள்.

அடுப்பு, சாப்பாடு, பணம்

ஸ்பிரிட் அடுப்பு இங்கே வசதி. ஸ்வீடனிலும் நார்வேயிலும் 'ரோட்ஸ்ப்ரிட்' என்ற பெயரில் பெட்ரோல் பங்கிலும் பெரிய கடையிலும் கிடைக்கும். சத்தம் இல்லை, பழுதாக உதிரிப்பாகம் இல்லை. ஆனால் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து ஸ்பிரிட் ஊற்றினால் தீ பாட்டிலுக்குள் ஏறும். மூடியைப் போட்டு, தொட்டுப் பார்க்கும் அளவுக்கு ஆறிய பிறகே மறுபடி நிரப்புங்கள். கூடாரத்துக்குள் எந்த அடுப்பும் வேண்டாம். தீயைவிடக் கார்பன் மோனாக்சைடு மோசம், அதற்கு மணமே கிடையாது.

நார்வேயில் ஞாயிற்றுக்கிழமை பெரிய கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை மாலைக்குள் இரண்டு நாள் சாப்பாடு பையில் இருக்க வேண்டும். வடகோடி மாகாணமான ஃபின்மார்க்கில் கடைக்குக் கடை வெகு தூரம், அங்கே வாரநாளிலும் இதே கணக்கு. ஓட்ஸ், நெக்கெப்ரோட் என்னும் மொறுமொறு ரொட்டி, பழுப்புப் பாலாடைக்கட்டி, தக்காளிச் சாற்றில் போட்ட கானாங்கெளுத்தி டப்பா, பாஸ்டா இவை எந்தச் சிறு கடையிலும் உண்டு. காட்டுப் பழமான க்ளவுட்பெர்ரியைப் பறிக்க நூர்லாண்ட், ட்ரோம்ஸ், ஃபின்மார்க் பகுதிகளில் நிலத்துக்காரர் தடை போடலாம். நின்ற இடத்திலேயே சாப்பிடுவதற்குத் தடை இல்லை.

மூன்று நாட்டிலும் 'க்ரோன்' என்றாலும் மூன்றும் வேறு வேறு பணம். ரொக்கம் கிட்டத்தட்டத் தேவைப்படாது, இரண்டு வேறு வங்கிகளின் அட்டை வைத்திருங்கள். விசா தேவைப்படுகிறவர்களுக்கு ஷெங்கன் என்னும் பொது விசா நாடுகளின் கணக்கு 180 நாளில் 90 நாள், இந்த மூன்று உட்பட எல்லா ஷெங்கன் நாட்டுக்கும் சேர்த்து.

அவசரத்துக்கு மூன்று நாட்டிலும் 112. நார்வேயில் ஆம்புலன்ஸுக்கு நேராக 113. வானிலைக்கு 'யூர்' செயலி, அதில் மழையைவிடக் காற்றின் திசையையும் வேகத்தையும் முதலில் பாருங்கள். தினமும் இரவு படுத்த இடத்தின் அடையாளத்தை ஒரே ஒருவருக்கு அனுப்புங்கள், எத்தனை மணிநேரம் செய்தி வராவிட்டால் அவர் கூப்பிட வேண்டும் என்பதையும் முன்பே பேசி வையுங்கள். சிக்னல் இல்லாத பள்ளத்தாக்குகள் இருப்பதால் 24 மணிநேரத்துக்குக் குறைவாக வைத்தால் வீண் பதற்றம்தான்.

திரும்பும்போது விமானத்துக்காக அட்டைப்பெட்டியில் கட்டுவதற்கு அரைநாள் ஒதுக்குங்கள். இடப்பக்கப் பெடலின் மரை தலைகீழ். ஸ்பேனரின் பிடி மேல்நோக்கி நிற்க, இரண்டு பெடலையும் பின்சக்கரம் இருக்கும் திசையில் திருப்பினால் கழலும். ஸ்பிரிட் அடுப்பில் மணம் இருந்தால் விமான நிலையத்தில் பறிமுதல் செய்துவிடக்கூடும், ஆகவே முந்தின நாளே சோப்பு போட்டுக் கழுவி வெயிலில் காய வையுங்கள். கூடாரம் காய்ந்துவிட்டது போலத் தெரிந்தாலும் தையல் மடிப்பில் ஈரம் இருக்கும், வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக அதை விரித்துப் போடுங்கள்.